வளையத்துக்குள் ஒரு பெண்

ராணியின் பெயர் ஒரு மண்வெட்டிப் படத்தில் தொடங்கியது. பிறகு இரண்டு நாணல், ஒரு சிறு ரொட்டி, கடைசியில் மணிகள் தொங்கும் ஒரு பொன்மாலை. இத்தனையையும் சுற்றி, அடியில் முடிச்சிட்ட கயிற்று வளையம். வியாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நுனியால் தடவினாலே போதும், இது மெரித்நுபுவின் பெயர் என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெயரை அவள் அத்தனை முறை தொட்டிருந்தாள்.

அறுவடை முடிந்த கையோடு அரசர் புதிதாக ஒரு ராணியைக் கொண்டுவந்தார். செய்தியை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்காகக் கல்லில் செதுக்கிய வண்டுகள் கேட்டு மாளிகையிலிருந்து ஆணை வந்தது. மேலே சாணி உருட்டும் வண்டின் முதுகும் கால்களும், அடியில் தட்டையான பரப்பில் ராணியின் பெயரும். வாசெத் நகரின் மேற்குக் கரையில் வண்டு செதுக்குகிறவர்கள் எல்லாருக்கும் வேலை பங்கு போடப்பட்டது. நல்ல களையோடு பெயரைச் செதுக்குகிறவன் என்று பெயரெடுத்த கென்னாவுக்குப் பெரிய பங்கு வந்தது.

கென்னா வியாவின் கணவன். அவன் மாக்கல்லில் செதுக்குவான். அவள் மணலும் சாம்பலும் பச்சைச் செம்புத்தூளும் அரைத்துக் கரைத்த குழம்பைத் தூரிகையால் பூசி, வீட்டுக்குப் பின்னால் இருந்த சூளையில் வைத்துச் சுடுவாள். உள்ளே போகும்போது நகம் பட்டாலே கீறும் வெள்ளைக் கல், வெளியே வரும்போது உளிக்கும் அசையாத நீலமாகிவிடும். அந்த நீலத்தைப் பார்ப்பதில் அவளுக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் இருந்தது. இந்த ராணி வரும்வரை.

கென்னா வேலை செய்யும்போது பேசமாட்டான், பாடமாட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த கென்னா அதுதான். இப்போது அவன் முனகினான். மண்வெட்டி முடிந்து நாணலுக்குப் போகும்போது மெல்லிய முனகல் தொடங்கும். பொன்மாலையின் மணிகளைக் குத்தும்போது அது பாட்டாகவே ஆகிவிடும்.

"என்னய்யா, பாட்டு பலமா இருக்கு?" என்றாள் வியா, குழம்பைக் கலக்கிக்கொண்டே.

"பாடினேனா?"

"முனகுன. நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட நீ இப்படி முனகல."

"கல்யாணத்தன்னைக்கு எனக்குப் பல்வலி, புள்ள."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ராணியைப் படகில் அழைத்துவந்த அன்று கூட்டத்தோடு கூட்டமாக அவனும் கரையில் நின்றிருந்தான். வீட்டுக்கு வந்து ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "தூரத்துலதான் பார்த்தேன். ஆனா கழுத்து இருக்கே, நாரைக் கழுத்து மாதிரி" என்று சொல்லிவிட்டான். சொன்னவன் அப்போதே மறந்திருப்பான். கேட்டவள் மறக்கவில்லை. அன்று மாலை தண்ணீர்த் தொட்டியில் குனிந்து தன் கழுத்தைப் பார்த்தாள். சூளைச் சூட்டில் கறுத்த கழுத்து, வியர்வைக் கோடுகள். தண்ணீரைக் கையால் கலைத்துவிட்டாள்.

இன்னொரு நாள் அவள் கேட்டாள். "என் பேரை எழுதினா எப்படிய்யா இருக்கும்?"

"உன் பேருக்கென்ன, சின்னப் பேரு. எழுத ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்."

"அந்தக் கயிறு எதுக்கு, பேரைச் சுத்தி?"

"சூரியன் சுத்தி வர்ற எல்லாத்தையும் கட்டுற கயிறு அது. அதுக்குள்ள இருக்கற பேருக்கு அழிவு கிடையாது. ஆள் போனாலும் பேரு இருக்கும், பேரு இருந்தா ஆளும் இருக்கு."

"அப்ப நம்மள மாதிரி வெளில நிக்கறவங்க?"

கென்னா உளியின் முனையை ஊதினான். "வெளில நிக்கறவங்க வெளிலதான்" என்றான்.

அவ்வளவுதான் அவன் சொன்னது. ஆனால் அன்று முழுவதும் வியா அந்த வளையங்களுக்கு வெளியே நின்றாள். அவள் கணவனின் விரல்கள் காலையிலிருந்து மாலைவரை வளையத்துக்கு உள்ளே இருந்தன.

கால்வாயில் துணி அலசப் போனால் அங்கே இயித் இருப்பாள். அடுத்த வீட்டுக்காரி. வாய் ஓயாமல் பேசுகிறவள். "என்ன வியா, உன் சக்களத்திக்கு இன்னைக்கு எத்தனை தடவை பூசிவிட்ட?" என்று தொடங்கினாள்.

"யாரு அக்கா சக்களத்தி?"

"பொன்மாலைக்காரிதான். உன் புருஷன் அவளை மடியில வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கான், நீ அவளுக்கு மையும் பூச்சும் வெச்சு அனுப்புற. இப்படி ஒரு மூத்த சம்சாரம் எந்த ஊர்ல கிடைப்பா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். வியாவும் சிரித்தாள், துணியைக் கல்லில் அடித்த அடி மட்டும் கொஞ்சம் பலமாக விழுந்தது. அடுத்த சூளைக்கு அவள் குழம்பை வேண்டுமென்றே கெட்டியாகக் கரைத்தாள். தூரிகையை ராணியின் பெயர்மேல் மட்டும் இரண்டு முறை, மூன்று முறை ஓட்டினாள். நெருப்பில் அது உருகி, பள்ளங்களில் இறங்கி நிரம்பியது. வெளியே எடுத்தபோது மண்வெட்டியும் தெரியவில்லை, மாலையும் தெரியவில்லை. குளத்தில் மூழ்கியவள் மாதிரி மெரித்நுபு நீலத்துக்கு அடியில் கிடந்தாள். வியா அவற்றைக் கூடையில் வரிசையாக அடுக்கினாள். நிம்மதியாகத்தான் இருந்தது.

மாளிகைக் கண்காணி தெத்தி வந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொன்றை எடுத்தார். "என்ன கென்னா இது? ராணி பேரா, சேத்துல விழுந்த கால்தடமா?"

வியா சூளைப்பக்கம் திரும்பி நின்றாள். கென்னா அவளைப் பார்க்கவே இல்லை. "என் தப்புதாங்கய்யா. இந்தத் தடவை வெட்டு ஆழம் பத்தல. மறுபடி புதுசா செதுக்கித் தந்துடறேன்" என்றான்.

வேறொருத்தியாக இருந்தால் அவன் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று உருகியிருப்பாள். வியாவின் மனம் வேறு பக்கம் போனது. மறுபடி செதுக்குவதில் அவனுக்கு இத்தனை சந்தோஷமா? மறுநாள் விடியும் முன்னே உட்கார்ந்துவிட்டானே. இன்னும் ஆழமாக வெட்டுகிறானே. தான் செய்த காரியத்தால் அந்தப் பெயருக்கு அவன் விரல்கள் இரண்டாவது முறையும் கிடைத்துவிட்டனவே. அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அவள் அதைக் கண்டாள்.

படுக்கை அறையின் சுவர்மாடத்தில் குள்ளச்சாமி பேஸ் நின்றிருப்பார், நாக்கை நீட்டிக்கொண்டு, கெட்டது எதுவும் கட்டில் பக்கம் வராமல் காவல். ஒரு காலையில் கென்னா கல் வாங்கப் போயிருந்தான். வியா மாடத்துத் தூசியைத் துடைக்கச் சாமியைத் தூக்கினாள். கீழே மெல்லிய துணியில் எதுவோ சுற்றியிருந்தது. அவிழ்த்தாள். இன்னும் சுடாத வெள்ளைக் கல், ஒரு வண்டு. அப்படி ஒரு வண்டை அவள் இந்த வீட்டில் பார்த்ததில்லை. ஒவ்வொரு காலிலும் முள்முள்ளாக ரோமம் கீறியிருந்தான். இறக்கையின் நடுக்கோடு தலைமுடி இழைபோல் ஓடியது. ராணியின் வண்டுகள் எதற்கும் அவன் இவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

அவள் அதைத் திருப்பினாள். கட்டைவிரல் தானாக முதலில் வளையத்தைத்தான் தேடியது. இருந்தது. கயிற்றின் முறுக்குகூடத் தெரிந்தது. ஆனால் உள்ளே மண்வெட்டி இல்லை. பொன்மாலை இல்லை. ஒரு காடைக்குஞ்சு, நாணல் இரண்டு, பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவ்வளவு சின்னதாக இருந்தும் அந்தப் பெண்ணின் கழுத்து நீளமாக, அழகாக இருந்தது.

வியா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வளையம் இருந்தால் அரச குடும்பத்துப் பெண்தான், அதில் சந்தேகமில்லை. மெரித்நுபு என்பது ஊருக்குச் சொல்லும் பெயர். பெரியவர்களுக்கெல்லாம் உள்ளே இன்னொரு பெயர் உண்டு என்பது யாருக்குத்தான் தெரியாது? தெய்வங்களே அந்தப் பெயரைத் தாம் பெற்ற பிள்ளைக்கும் சொல்லாமல் மறைத்து வைக்கும். அது யாருக்குத் தெரிகிறதோ அவர் கையில் ஆளே சிக்கிவிடும். போன பௌர்ணமிக்குக் கென்னா கூடையோடு மாளிகைக்குப் போய், பொழுது சாய்ந்துதான் திரும்பினான். கேட்டதற்கு "காக்க வெச்சுட்டாங்க" என்றான். காக்க வைத்தார்களா? அவள் கண்முன் ஒரு திரை விலகியது. நாரைக் கழுத்துக்காரி குனிகிறாள், செதுக்குகிறவனின் காதருகே வாயைக் கொண்டுபோகிறாள், யாருக்கும் சொல்லாத பெயரைச் சொல்கிறாள். கென்னா அதைக் கொண்டுவந்து, தன் பெண்டாட்டி படுக்கும் கட்டிலுக்கு மேலே வைத்திருக்கிறான். குள்ளச்சாமியும் பார்த்துக்கொண்டு நாக்கை நீட்டியபடி நின்றிருக்கிறார்.

அழுகை வரவில்லை. என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் உடனே தெரிந்தது. ஆகாதவர்களின் பெயரைச் சிவப்புக் கிண்ணத்தில் எழுதி, பெயரைச் சொல்லி உடைத்தால் அந்த ஆளின் பிடி விட்டுப்போகும். கோவில்களில் நாட்டின் எதிரிகளுக்குச் செய்வார்கள். பெண்கள் வீட்டில் வேறு எதிரிகளுக்குச் செய்வார்கள். ராணி சாகவேண்டும் என்று வியா நினைக்கவில்லை. தன் கணவனின் கையை விட்டால் போதும். ஆனால் எழுத ஆள் வேண்டும். படிக்கவும் ஆள் வேண்டும். வளையத்தைக் கண்டால் யாரும் தொடமாட்டார்கள். அதனால் ஈர ஆற்றுமண்ணை உருட்டி, வண்டின் அடியில் விளிம்பைச் சுற்றி அப்பினாள். வளையம் மறைந்தது. நடுவில் எழுத்துகள் மட்டும் தெரிந்தன. வெங்காயம் கொஞ்சமும், புதுச் சிவப்புக் கிண்ணம் ஒன்றும் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள்.

துறைப்படிகளில் ஒரு பாய்ப்பந்தலுக்குக் கீழே மாஹு உட்கார்ந்திருப்பார். கடுதாசியும் மனுவும் எழுதிக்கொடுக்கிற வழுக்கைத் தலைக்காரர். எப்போதும் நாணல்தண்டு எதையாவது மென்றுகொண்டிருப்பார்.

"இதுல இருக்கறதை இந்தக் கிண்ணத்துல எழுதணும்ங்க ஐயா."

அவர் சிவப்புக் கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஓ, அந்த விஷயமா. யாரும்மா அவ?"

"என் சக்களத்தி."

"சக்களத்தி பேரு தெரியாமலேயா இத்தனை கோவம்? தெரிஞ்சிருந்தா ஊரையே கொளுத்தியிருப்ப போல."

வியா வெங்காயத்தை அவர் முன்னால் வைத்தாள். வண்டைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டாள். மாஹு தூரிகையைக் கரியில் தொட்டுக்கொண்டு, அவள் உள்ளங்கையின்மேல் குனிந்து பார்த்துப் பார்த்து எழுதினார். "காடைக்குஞ்சு. நாணல் ரெண்டு. பொம்பளை. சின்ன வேலை. ஆனா செதுக்கினவன் கை இருக்கே, தங்கக் கை. இந்தக் குஞ்சைப் பாரு, இப்பவே கத்தும் போல இருக்கு. உன் புருஷனா?"

அவள் வண்டை விரலிடுக்கில் செருகிக்கொண்டாள். அவர் கிண்ணத்தை ஊதிக் காயவைத்து நீட்டினார். வியா அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள். கீழே கருங்கல் படி.

"பேரைச் சொல்லித்தானம்மா உடைக்கணும்" என்றார் மாஹு, வெங்காயத்தை உரித்துக்கொண்டே. "சும்மா உடைச்சா கிண்ணம்தான் போகும்."

"சொல்லுங்கய்யா. என்ன பேரு?"

"வியா."

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. ஆற்றில் ஒரு படகுக்காரன் யாரையோ திட்டிக்கொண்டு போனான்.

"என்ன பேருங்க?"

"வியா. காது கேக்கலையா? வி, யா. பக்கத்துல பொம்பளை, அது பொம்பளைப் பேருன்னு காட்டறதுக்கு. உடைக்கறதுன்னா உடை, நிழல் போகுது."

அவள் கிண்ணத்தை மெல்ல, மிக மெல்ல இறக்கினாள். மடியில் வைத்து இரு கைகளாலும் மூடிக்கொண்டாள். அவர் ஒரு வெங்காயம் உரிக்கும் நேரம் தாமதித்திருந்தால்? அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால்? அவளே அவளை உடைத்திருப்பாள்.

அதற்குள் வெயிலில் காய்ந்த மண் அவள் விரலிடுக்கிலிருந்து செதில் செதிலாக உதிர்ந்தது. மாஹு மெல்லுவதை நிறுத்தினார். அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். விரலால் மிச்ச மண்ணையும் தட்டினார். கயிற்று வளையம், அதன் முடிச்சு, எல்லாம் வெளியே வந்தன. அவர் சட்டென்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வியான்னு ராணி யாராவது இருக்காளா?" குரல் இறங்கியிருந்தது.

"இல்லைங்க."

"இளவரசி?"

"இல்லைங்க."

"உன் பேரு என்ன?"

"இயித்" என்றாள் வியா. யோசிக்காமல் வந்துவிட்டது.

"இங்க பாரு இயித்து. அந்த வியா யாரோ எனக்குத் தெரியாது. யாருக்கோ பொண்டாட்டியா இருப்பா, மீன் கழுவுறவளா இருப்பா. அவளைப் போயி ஒருத்தன் வளையத்துக்குள்ள உட்கார வெச்சிருக்கான். இது வெளில தெரிஞ்சா அவன் மூக்கை அறுத்து எல்லைக் கோட்டைக்கு ஓட்டிடுவாங்க. மூக்கு போறதுகூடப் பரவாயில்லை, அங்க இருக்கற கொசு இருக்கே." அவர் தலையை ஆட்டினார். "ஒரு பொம்பளைக்காக ஒருத்தன் மூக்கைப் பணயம் வைக்கறான். நானும் இந்தத் துறையில எத்தனையோ காதல் கடுதாசி எழுதியிருக்கேன். ஒருத்தனும் வெங்காயத்துக்கு மேல பணயம் வெச்சது கிடையாது."

வியாவுக்கு அந்த நேரத்தில் வந்தது பயமா சந்தோஷமா என்றால், இரண்டும் இல்லை. முதலில் வந்தது பொறாமை. யார் இந்த வியா? முதுகை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, அழிவில்லாத கயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறாளே, இவளுக்காகவா அவன் இத்தனை செய்தான்? சூளைச் சாம்பலில் நிற்கிறவளிடம் "சின்னப் பேரு" என்று சொல்லிவிட்டு?

"கொடு, நான் கண்காணிக்கிட்ட..." என்று தொடங்கிய மாஹு தானாகவே நிறுத்தினார். "வேண்டாம். படிச்சுச் சொன்னவனும் சாட்சிதான். நம்ம ஊர்ல சாட்சியை அடிச்சுட்டுத்தானே கேள்வியே கேப்பாங்க. என் உள்ளங்கால் அதுக்குத் தாங்காது. நீ இதை இங்கேயே, என் கண்ணு முன்னால தேய்ச்சுட்டுப் போ. இல்லேன்னா நான் கத்திக் காவலாளைக் கூப்பிடுவேன்."

"வீட்ல போய்த் தேய்ச்சுடறேன் ஐயா."

"வீட்டுக்குப் போற வழியில நீ விழுந்து, அது உருண்டு, எவனாவது எடுத்து, 'துறையில மாஹு பார்த்தாரே'ன்னு... தேய்."

கல் இன்னும் சுடாத கல். படியின் ஓரம் சொரசொரப்பான மணற்கல். வியா வண்டைக் கவிழ்த்துப் பிடித்தாள். தேய்க்கும் முன் நிமிர்ந்தாள்.

"இன்னொரு தடவை படிங்க ஐயா."

"எதுக்கு?"

"ஒரு தடவை."

அவர் முணுமுணுத்துக்கொண்டே நாணல்தண்டால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது காடைக்குஞ்சு. இது ரெண்டும் நாணல். இது அவள். வியா பார்த்தாள். தன் பெயர் எப்படி இருக்கும் என்பதை அவள் அப்போதுதான் பார்க்கிறாள். சின்னப் பெயர்தான். ஆனால் வளையத்தை நிறைத்திருந்தது.

விளிம்பைச் சாய்த்து முதலில் வளையத்தை மட்டும் தேய்த்தாள். அது போனதும் காட்டினாள். "கயிறு போயிடுச்சு. போதும்ல?"

"கயிறு இருந்த தடம் தெரியுதே. முழுசா."

காடைக்குஞ்சு போனது. நாணல்கள் போயின. கடைசியில் அந்தப் பெண் மிஞ்சினாள், கயிறும் துணையும் இல்லாமல். முகம் முதலில் போனது, பிறகு கழுத்து. நிமிர்ந்த முதுகு கொஞ்ச நேரம் ஒரு கீற்றாக நின்றது. மெரித்நுபுவை வியா நீலத்தில் மூழ்கடித்தபோது இருந்த நிம்மதியை இப்போது நினைத்துப் பார்த்தாள். அந்தக் கீற்றும் போயிற்று. படியிலும் அவள் உள்ளங்கையிலும் வெள்ளைத்தூள் படிந்திருந்தது. எழுத்தைக் கரைத்துக் குடித்தால் எழுத்து உடம்பில் சேரும் என்பது வைத்தியர்கள் செய்வதுதான். அவள் உள்ளங்கையை வாயில் வைத்து நக்கினாள். படியில் கிடந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்தாள். மாவுபோல நாக்கில் ஒட்டிக்கொண்டது, ருசி ஒன்றும் இல்லை.

"வீட்ல ரொட்டி கிடைக்கலையாம்மா?" என்றார் மாஹு. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. வெங்காயத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்குக் கென்னா திரும்பியிருந்தான். படுக்கை அறையில் பாய் சுருட்டியிருந்தது, கட்டில் இடம் மாறியிருந்தது, குள்ளச்சாமி தரையில் நின்றார். அவளைக் கண்டதும் அவன் எதையும் தேடாதவன்போல நிமிர்ந்தான்.

"எங்க போன?"

"துறைக்கு."

"யாராவது வீட்டுக்கு வந்தாங்களா? தெத்தி ஆளு யாராவது?"

"இல்லையே. ஏன்?"

"சும்மா."

அவன் முகம் சுடாத கல்லைப்போல வெளுத்திருந்தது. வியா அவனை இன்னும் கொஞ்சம் அப்படியே நிற்கவிட்டாள். எத்தனை நாள் அவன் முனகலைக் கேட்டுத் தவித்திருப்பாள். பிறகு மழுங்கிய வண்டை அவன் கையில் வைத்தாள். அவன் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் நாய் நக்கிய எலும்புபோல வழுவழுவென்று இருந்தது. கென்னா சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"பார்த்துட்டியா?"

"பார்த்தேன். உனக்கென்ன, பைத்தியமா? மூக்கு இல்லாதவனோட நான் எப்படிய்யா குடும்பம் நடத்துறது?"

"சுட்டுட்டு உன் கழுத்துப்பட்டைக்குள்ள, உள்பக்கமா வெச்சுத் தெச்சுடலாம்னு இருந்தேன். யாரு பார்க்கப்போறா? நாள் பூரா அவ பேரைக் கயிறு போட்டுக் கட்டறேன். ஒவ்வொண்ணுக்கும் நினைப்பேன், இவளுக்கு எதுக்கு இத்தனை கயிறுன்னு. அப்படி நினைச்சுக்கிட்டே உன்னுதைக் கொஞ்சம் கொஞ்சமா செஞ்சேன். அவ பேரைச் செதுக்கறப்பவும் உன் நினைப்புல பாட்டு வேற வந்துடும்."

அந்த முனகல் எதற்கென்று வியாவுக்கு இப்போது தெரிந்தது. தலையைத் திருப்பிக்கொண்டு, துறையிலிருந்து கொண்டுவந்த கிண்ணத்தை மாடத்தில் வைக்கப் போனாள். கென்னாவின் கண் அதன்மேல் விழுந்தது.

"அது என்ன?" எழுந்து வந்து வாங்கினான். பார்த்ததும் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டான், யாரோ பிடுங்க வருவதுபோல. "சிவப்புக் கிண்ணம். உன் பேரு. எவ எழுதி வெச்சா இதை? யாரு உன்னை உடைக்கப் பார்த்தா?"

"ஒருத்தி. பொறாமை பிடிச்சவ."

"யாருன்னு சொல்லு, நான் போய்க் கேக்கறேன்."

"கேட்டாச்சு. இனிமே செய்யமாட்டா."

அவன் அவளைப் பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்தான். மெல்லப் புரிந்தது என்று அவன் காது சிவந்ததிலிருந்து தெரிந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாயைக் கோணினான். பிறகு வேறு குரலில் கேட்டான். "எழுதினவன் யாரு?"

"துறைக்காரர் மாஹு."

"காடைக்குஞ்சுக்குக் கால் கோணல். பொம்பளைக்கு முதுகே இல்லை, மூட்டை மாதிரி இருக்கா. இவன்கிட்டயா உன் பேரை முதல் தடவையா எழுத விட்ட?"

"நீதான் எழுத ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்னியே."

கென்னா உளியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய் உட்கார்ந்தான். மழுங்கிய வண்டைத் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டான். காடைக்குஞ்சிலிருந்து தொடங்கினான். வியா பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டு பார்த்தாள். அவன் உளி விளிம்பின் பக்கம் போனபோதெல்லாம் அவள் அவன் மணிக்கட்டில் ஒரு விரலை வைத்தாள். அவன் புரிந்துகொண்டு திரும்பினான். கயிறு இல்லை.

கடைசியில் உட்கார்ந்திருக்கும் பெண் வந்தாள்.

"முன்னாடி இருந்தவ இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தா" என்றாள் வியா.

"கல்லு மெலிஞ்சுபோச்சு புள்ள. இதுக்குமேல ஆழமா வெட்டினா உடைஞ்சுடும்."

"கழுத்தும் நீளமா இருந்துச்சு."

"ரெண்டும் நீதான்."

"இல்ல. அவ வேற" என்றாள் வியா.

குழம்பை அளவாகக் கரைத்து, ஒரே ஒரு முறை பூசினாள். சூளையின் மேல்தட்டில், அனல் ஒரே சீராகப் படுகிற நடு இடத்தில் மெரித்நுபுவின் வண்டுகள் வரிசையாக இருந்தன. எது எங்கே இருந்தால் நல்ல நீலம் ஏறும் என்று அவளுக்குத் தெரியும். கென்னா திரும்பிப் பார்க்கிறானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு வரிசையின் நடுவிலிருந்து ராணியின் வண்டு ஒன்றை எடுத்து, புகை அடிக்கிற கீழ்த்தட்டின் மூலையில் வைத்தாள். காலியான இடத்தில் தன்னுடையதை வைத்து, சூளையின் வாயை மண்ணால் பூசி மூடினாள்.